விடையை மறக்கும் வேலை

"இதுல என்னங்க இருக்கு? இதை நானே பண்ணியிருப்பனே!"

காப்புரிமைத் தொழிலில் இருப்பவர்கள் ஆயுள் முழுக்கக் கேட்கும் வாக்கியம் இது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு அச்சு வெட்டுபவர் சொல்வார். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் கட்டுபவர் சொல்வார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்கள். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பதன் சாரமும் இதுவேதான். சொல்பவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. முடிந்து கைக்கு வந்துவிட்ட பொருளைப் பார்க்கும்போது, தொழில் தெரிந்த எவருக்கும் உண்மையாகவே அப்படித்தான் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் என் தொழிலின் முதல் பாடம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் அதை மறுபடி படித்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

சட்டம் கேட்பது மூன்று. கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். அதோடு, அந்தத் துறையில் தேர்ச்சியுள்ள ஒருவருக்கு இயல்பாகத் தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. முதல் இரண்டும் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. அதே பொருள் ஏற்கெனவே ஓர் ஆவணத்திலோ பயன்பாட்டிலோ இருந்தால் புதுமை போயிற்று. மூன்றாவதில்தான் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு இதைப் புத்தாக்கப் படி என்று வரையறுக்கிறது. இருக்கும் அறிவோடு ஒப்பிடும்போது தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருக்க வேண்டும். அதனால் அந்தக் கண்டுபிடிப்பு தேர்ந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். "நல்லா விக்குதுங்க, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களிடம் இந்தக் கடைசிச் சொற்றொடரைத்தான் காட்டுகிறேன். விற்பனை மட்டும் போதாது. தோன்றாத தன்மையும் கூடவே வேண்டும்.

இந்தத் தொழிலைக் கற்க வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுக்கும் பொருள், இடுப்பில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் கருவி. ரிக்கோ ஜவ்வரிசி இயந்திரமோ கொடுத்தால், அதைத் தெரிந்தவருக்கு ஒன்றும், தெரியாதவருக்கு ஒன்றுமாகப் படும். பாட்டுப் பெட்டியை எல்லாருக்கும் தெரியும். அதன் உறுப்பு ஒவ்வொன்றும் ஊரறிந்தது. உலகமே வாங்கிய பொருள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது தோன்றக்கூடியதா இல்லையா என்று ஒரு நீதிமன்றம் உண்மையிலேயே உட்கார்ந்து யோசித்திருக்கிறது.

ஆண்ட்ரியாஸ் பாவல் ஜெர்மனியில் பிறந்து பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் வளர்ந்தவர். 1972-இல் தன் இசையை எங்கும் எடுத்துச்செல்லும் ஆசையில், உடம்பில் அணிந்துகொள்ளும் ஒரு ஸ்டீரியோ அமைப்பை உருவாக்கினார். கேசட் பிளேயர், பேட்டரி, ஹெட்போன் எல்லாம் இடுப்புப் பட்டையோடு சேர்ந்தவை. ஸ்டீரியோபெல்ட் என்று பெயர் வைத்தார். க்ருண்டிக், பிலிப்ஸ், யமஹா போன்ற நிறுவனங்களை அணுகினார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெருவில் யார் நடப்பார்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். 1977-இல் இத்தாலியிலும், தொடர்ந்து ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் நாடுகளிலும் விண்ணப்பித்தார். 1979 ஜூலை 1 அன்று சோனி நிறுவனம் ஜப்பானில் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு நடந்தது நீண்ட சண்டை. ஜெர்மனியில் சில மாடல்களுக்கு மட்டும் சோனி ராயல்டி கொடுத்தது. பிரிட்டனில் பாவல் தொடுத்த வழக்கில் 1993-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவரைக் கைவிட்டது. அவருடைய பிரிட்டிஷ் காப்புரிமை, தெரிந்த உறுப்புகளிலிருந்து தேர்ந்தவருக்குத் தோன்றக்கூடியதுதான் என்று செல்லாததாயிற்று. வழக்குச் செலவு அவரைக் கடனாளியாக்கும் அளவுக்குப் போனது. 2003-இல்தான் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டன.

இந்தக் கதையைச் சொன்னதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பாதி, "பாவம், அந்த மனுஷனுக்குத் தோணினது வேற யாருக்கும் தோணலையே, அப்புறம் எப்படி அது தோணக்கூடியது?" என்று கேட்கும். மறு பாதி, "கேசட் பிளேயர் இருந்துச்சு, ஹெட்போன் இருந்துச்சு, பெல்ட் இருந்துச்சு, சேர்த்தாரு, அவ்வளவுதானே?" என்று கேட்கும். இரண்டு கேள்வியையும் நான் மதிக்கிறேன். இரண்டிலும் ஒரே அவசரம் இருக்கிறது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஆகவே விடையை எடுத்து ஓரம் வைக்கச் சொல்வேன். விண்ணப்பத்தின் கிளெய்ம், அதாவது உரிமைக் கோரிக்கை எழுதிய பக்கத்தை மூடிவிட்டு, பிரச்சினையை மட்டும் ஒரு வரியில் எழுதச் சொல்வேன். "நடக்கும்போது ஒருவர் நல்ல ஸ்டீரியோ ஒலியில் இசை கேட்க வேண்டும்." அடுத்து, தேதியை எழுதச் சொல்வேன். 1977. அன்றைக்கு உலகில் என்னென்ன இருந்தன? பிலிப்ஸ் 1963-இல் கொண்டுவந்த கேசட் இருந்தது. பேட்டரியில் ஓடும் கையடக்க ரெக்கார்டர்கள் இருந்தன. அவற்றில் இயர்போன் மாட்டும் துளை இருந்தது. ஸ்டீரியோ ஹெட்போன் இருந்தது. ரெக்கார்டரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பத்திரிகையாளர்கள் பேட்டி எடுத்தார்கள். இந்த ஐந்து வரிகளையும் அந்தத் தேதியில் வாழ்ந்த ஒரு தொழில்காரரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்திருப்பார்? இதுதான் கேள்வி. என்ன செய்ய முடியும் என்று கேட்டால் எல்லாமே முடியும் என்றுதான் பதில் வரும். என்ன செய்திருப்பார் என்று கேட்டால்தான் நியாயமான பதில் கிடைக்கும்.

அந்தத் தொழில்காரர் யார் என்பதை முடிவு செய்வதில் பாதி வேலை முடிந்துவிடும். சட்டப் புத்தகத்தில் அவர் ஒரு கற்பனை மனிதர். துறையின் பொது அறிவெல்லாம் அவருக்குத் தெரியும். கைத்திறன் உண்டு. மேதைமை கிடையாது. நகரத்தில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு அவர் வெறும் எழுத்தாகவே இருப்பார். எங்கள் பக்கத்தில் அவரை நேரில் போய்ப் பார்க்கலாம் என்பது எனக்குக் கிடைத்த பெரிய வசதி.

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளை ஒட்டி லாரி எலெக்ட்ரீஷியன்கள் கடை வைத்திருப்பார்கள். ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் ஒயரிங் இழுத்து முடித்ததும், டிரைவர் கேட்கும் முதல் ஆடம்பரம் பாட்டுதான். கேபினுக்குள் வைக்கும் ஸ்டீரியோ செட் காருக்காகச் செய்தது, 12 வோல்ட்டில் ஓடும். லாரியிலோ 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். நேராகக் கொடுத்தால் செட் புகைந்துபோகும். ஒருமுறை ஒரு மூத்த எலெக்ட்ரீஷியனிடம் பிரச்சினையை மட்டும் சொல்லி, "நீங்க என்னண்ணா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து மட்டும் ஒயர் எடுத்து உட்ருவோம் சார்" என்றார்.

"அப்படி எடுத்தா அந்த ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் போயிராதுங்களா?"

"போயிரும். அது தெரிஞ்சதுதானுங்க. ஓனர் காசு குடுக்கறேன்னாருன்னா கன்வெர்ட்டர் வெச்சு 24-ஐ 12 ஆக்கிக் குடுத்துருவோம். இல்லீன்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா பேட்டரியை இடம் மாத்திப் போட்டுக்கச் சொல்லுவோம்."

மூன்று வழி சொன்னார். முதல் வழியின் குறையும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. எதற்கும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நாளைக்கு ஒருவர் என்னிடம் வந்து, லாரியின் 24 வோல்ட்டைக் குறைத்து மியூசிக் பிளேயருக்குக் கொடுக்கும் அமைப்புக்குக் காப்புரிமை வேண்டும் என்றால், அது அந்தக் கடையின் அன்றாட வேலைக்குள் அடங்கிவிடுகிறது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் ஒருவர் இரண்டு பேட்டரியும் சமமாகத் தேயும்படி, கன்வெர்ட்டரின் சூடும் இரைச்சலும் இல்லாமல், அவர் சொன்ன மூன்றில் எதிலும் சேராத ஒரு வழியைக் கொண்டுவந்தால், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்பேன்.

இந்தப் பழக்கத்தை நான் விடாமல் வைத்திருக்கிறேன். கட்சிக்காரர் கொண்டுவந்த வரைபடத்தை வெளியில் யாருக்கும் காட்டுவதில்லை. விண்ணப்பிக்கும் முன் வெளியானால் புதுமைக்கே ஆபத்து. பிரச்சினை ரகசியமாக இல்லாதபோது அதை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தத் தொழில்காரர்களிடம் போகிறேன். அவர்கள் சொல்லும் தீர்வுகளை எழுதிக்கொள்கிறேன். கட்சிக்காரரின் தீர்வு அந்தப் பட்டியலில் வந்துவிட்டால், கிளெய்மை எவ்வளவு அழகாக எழுதினாலும் நிற்காது என்று தெரிந்துவிடும். வராவிட்டால் மேலே போகலாம். இது நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. இன்றைய எலெக்ட்ரீஷியனுக்கு விண்ணப்பத் தேதிக்குப் பின் வந்ததும் தெரிந்திருக்கும் என்பதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் என் கண்ணை நேராக்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் இந்தத் துறையின் மூலத் தீர்ப்பும் ஒரு பட்டறையில் பிறந்ததுதான். பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விஷயம், பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடைவதற்கான ஓர் அமைப்பு. அதில் பாத்திரத்தை அடாப்டரில் பொருத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்தும் ஸ்பிண்டிலால் பிடிக்கும் முறைக்கு 1951-இல் விண்ணப்பித்துக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக் இரண்டுக்கும் நடுவே பொருளைப் பிடித்துக் கடைவது லேத்துக்குப் புதிதல்ல, பல பத்தாண்டு வழக்கம், சிறு மாற்றம் மட்டும் செய்திருக்கிறார்கள், அது பட்டறை அளவிலான மேம்பாடுதான் என்று நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. அதே தீர்ப்பில் ஓர் உரைகல்லையும் கொடுத்தது. பிரச்சினை முன்னால் இருக்கிறது, கண்டுபிடிப்பு தெரியாது, அந்தத் தேதிவரை உள்ள பொது அறிவு கையில் இருக்கிறது, அப்படிப்பட்ட தேர்ந்த கைவினைஞரிடம் பழைய ஆவணத்தைக் கொடுத்தால், எனக்கு வேண்டியது இதிலேயே இருக்கிறது என்று அவர் சொல்லியிருப்பாரா என்பதே அது. கண்டுபிடிப்பு தெரியாது என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் தீர்ப்பின் உயிர் இருக்கிறது.

இப்போது வாக்மேனைப் பிரித்து மேசையில் வைக்கலாம். சோனியின் முதல் மாடலான டிபிஎஸ்-எல்2, பேட்டி எடுக்கும் பிரஸ்மேன் ரெக்கார்டரிலிருந்து வந்தது. பதிவு செய்யும் பகுதியையும் ஒலிபெருக்கியையும் எடுத்துவிட்டு, ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை வைத்தார்கள். எடை சுமார் 390 கிராம். பதிவு செய்யாத டேப் கருவியை யார் வாங்குவார்கள் என்று உள்ளேயே சந்தேகம் இருந்தது. இருந்ததை நீக்கத் துணிந்தது வியாபாரத் துணிச்சல். காப்புரிமைச் சட்டம் அதற்குப் பரிசு தருவதில்லை. பதிவுப் பகுதியை எடுத்தால் கருவி சிறிதாகும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

அந்தக் கருவியில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன, இருவர் சேர்ந்து கேட்க. இந்தியாவில் இதைக் கோரினால் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு எதிரே நிற்கும். தெரிந்த சாதனங்களை வெறுமனே சேர்த்து வைத்தாலோ, மாற்றி வைத்தாலோ, இரட்டிப்பாக்கினாலோ, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தெரிந்த வழியிலேயே வேலை செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. இரண்டாவது துளை முதல் துளையின் வேலையைத்தான் செய்கிறது.

மேற்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஹாட்லைன் என்ற பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் ஒலி தணியும், உள்ளிருக்கும் மைக் உயிர்பெறும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது ஹெட்போனிலேயே கேட்கும். இங்கே உறுப்புகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. காதை அடைத்துக்கொண்டு இருவர் எப்படிப் பேசிக்கொள்வது என்ற ஒரு பிரச்சினைக்கு, பொத்தானும் மைக்கும் ஒலியளவும் சேர்ந்து ஒரு பதில் தருகின்றன. 3(எஃப்) இதைத் தொடாது. ஆனாலும் விசாரணை முடியவில்லை. விமானத்திலோ ஸ்டுடியோவிலோ பேச்சு வரும்போது பின்னணி ஒலியைத் தணிப்பது முன்பே உண்டா, அதை இங்கே கொண்டுவரத் தேர்ந்தவருக்குக் காரணம் இருந்திருக்குமா என்று தேட வேண்டும். ஒரு கதவு திறந்ததும் வீட்டுக்குள் வந்துவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது.

என் மனம் அதிகம் தங்குவது ஹெட்போனில். அதற்கு முன் நல்ல ஒலி தரும் ஹெட்போன்கள் 300, 400 கிராம் எடை இருந்தன. வாக்மேனோடு வந்தது ஏறத்தாழ 50 கிராம். இந்த இடைவெளியை ஆசையால் தாண்ட முடியாது. ஒலி எழுப்பும் சவ்வைச் சிறிதாக்கினால் தாழ்ந்த சுரங்கள் மெலியும். காந்தத்தைச் சிறிதாக்கினால் ஒலி சோரும். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கெடும். தேர்ந்தவர் தயங்கி நிற்கும் இடம் அதுதான். அங்கே ஒருவர் வழி கண்டால் அதை விவரமாக எழுதி, அளந்து, கிளெய்மில் வைக்கலாம். என் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான். பொருள் எங்கே பளபளக்கிறதோ அங்கே பார்க்காதீர்கள், எங்கே தொழில்காரர் தயங்கினாரோ அங்கே பாருங்கள்.

பெரிய நிறுவனங்கள் பாவலைத் திருப்பி அனுப்பியது தோன்றாத தன்மைக்குச் சாட்சி இல்லையா? நல்ல கேள்வி. பிரித்துப் பார்க்க வேண்டும். "இப்படிச் செய்ய முடியாது, ஒலி கெட்டுவிடும்" என்று பொறியாளர்கள் சொல்லியிருந்தால், அந்தத் துறையே தவறான நம்பிக்கையில் இருந்தது என்பதற்கு அது பலமான சான்று. "செய்யலாம், ஆனால் யார் வாங்குவார்கள்?" என்பது சந்தையைப் பற்றிய கணிப்பு. பாவலுக்குக் கிடைத்தது இரண்டாவது பதில். அதுபோலத்தான் விற்பனை வெற்றியும். விலையாலா, விளம்பரத்தாலா, பெயராலா, கிளெய்மில் எழுதிய அந்த அம்சத்தாலா என்று பிரித்துக் காட்டினால்தான் அதற்கு மதிப்பு. அந்த ஆசை முதலில் பாவலுக்குத்தான் வந்தது என்பதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். எல்லாரும் அணியும் ஒன்றை, யாரும் அணியத் துணியாத காலத்தில் அணிந்து நடந்தவர் அவர். ஆனால் இருபது ஆண்டு தனியுரிமை என்பது மற்ற எல்லாப் பட்டறைகளின் கையையும் கட்டும் அதிகாரம். ஆசையை முதலில் பட்டதற்காக அதைக் கொடுக்க முடியாது. பிரிட்டிஷ் நீதிமன்றத்தின் முடிவு சரி என்றே நான் கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய வழக்கு மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமாருடையது. பல சிம் கார்டுகள் போடும் கைபேசிக்கு 2002-இல் விண்ணப்பித்து 2008-இல் காப்புரிமை பெற்றார். ஒன்றுக்கு மேற்பட்ட ஹெட்போன் துளைகளும் புளூடூத்தும் கூட அதில் இருந்தன. இரண்டு சிம் போன்கள் நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. 2012-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. முன்பே வெளியான வெளிநாட்டு ஆவணங்கள் எதிரே வந்து நின்றன. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸுக்கும் பஜாஜுக்கும் நடந்த இரட்டை ஸ்பார்க் பிளக் வழக்கு இன்னொரு பாடம். எஞ்சினுக்கு இரண்டு பிளக் என்பது பழையது. சிறிய துளை அளவுள்ள எஞ்சினில் அதை வைத்தது புதிதா, தோன்றக்கூடியதா என்பதே சர்ச்சை. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்குத் தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. அதே சட்டத்தையும் ஆவணங்களையும் படித்த நீதிபதிகளே இடைக்கால நிலையில் வேறு வேறு திசையில் போகிறார்கள் என்றால், இது சூத்திரம் போட்டு விடை காணும் வேலை இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

சூத்திரம் இல்லாவிட்டாலும் ஒழுங்கு உண்டு. 2015 நவம்பரில் ரோச் எதிர் சிப்லா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அதை ஐந்து படியாகச் சொன்னது. தேர்ந்தவர் யார் என்று முடிவு செய். கண்டுபிடிப்பின் சாரம் எது என்று கண்டுகொள். அந்தத் தேதியில் அவருக்கு இருந்த பொது அறிவு என்ன என்று பார். பழையதற்கும் இதற்கும் வித்தியாசங்கள் எவை என்று எழுது. கண்டுபிடிப்பை அறியாதவராக நின்று, அந்த வித்தியாசங்கள் அவருக்குத் தோன்றியிருக்குமா என்று கேள். இதன் வேர் பிரிட்டனின் விண்ட்சர்ஃபிங் வழக்கில் இருக்கிறது. அங்கே பாய்மரப் பலகைக்கான காப்புரிமையைச் சாய்த்த சான்றுகளில் ஒன்று, 1958-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கடற்கரையில் தானே செய்து விளையாடிய பலகை. சிறுவனின் பலகையில் நேரான கழி இருந்தது, காப்புரிமையில் வளைந்த கழி. நேரானதிலிருந்து வளைந்ததற்குப் போவது தேர்ந்தவருக்குத் தோன்றக்கூடியதே என்றது நீதிமன்றம்.

அந்தச் சிறுவனின் கதை எங்கள் பகுதிக்கு மிகவும் வேண்டியது. பிரையர் ஆர்ட், அதாவது ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்திருக்கும் அறிவு, இங்கே காகிதத்தில் இருப்பதைவிடக் கையில் இருப்பதே அதிகம். கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் தரவுத்தளங்களில் தேடுவார். ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கின் தோல் உரிக்க என்ன திருத்தம் செய்தார்கள், சங்ககிரியில் லாரிக்கு என்ன மாற்றம் செய்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தரவுத்தளத்தில் வராது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போய் அதற்கே காப்புரிமை வாங்கிவிட முடியும். அதைத் தடுக்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. விண்ணப்பம் வெளியான பின், காப்புரிமை வழங்கும் முன், 25(1) பிரிவின் கீழ் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வழங்கிய பின்னும், வழங்கியது வெளியிடப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் சம்பந்தப்பட்டவர்கள் எதிர்க்கலாம். ஆனால் "எங்க அப்பா காலத்துல இருந்து பண்றோம்" என்ற வாய்வார்த்தை போதாது. தேதியோடு ரசீது, படம், விலைப்பட்டியல், வாங்கியவரின் கடிதம் வேண்டும். செய்த மாற்றத்தைப் படம் எடுத்துத் தேதியிட்டு ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள் என்று போகும் பட்டறையிலெல்லாம் சொல்லிவருகிறேன்.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு பயிற்சி கொடுப்பேன். போர்வெல் ரிக்கில் கம்ப்ரசர் இரைச்சலுக்குக் காதை மூடும் மஃப் போட்டு வேலை செய்கிறவருக்கு, அதற்குள்ளேயே பாட்டுக் கேட்கும் கருவி. இதோடு நின்றால் தோன்றக்கூடியது. ரேடியோ வைத்த காது மூடிகள் பழையவை. ஆபத்து அலாரம் அடித்தால் பாட்டு நிற்கும் என்று சேர்த்தால்? அலாரத்துக்கு ஒலியைத் துண்டிப்பதும் தெரிந்ததே, பாதுகாப்பு என்ற காரணமும் கண்முன் இருக்கிறது. இப்போது இன்னொன்று. ரிக் ஓட்டுபவர் பாறை மாறுவதைக் காதால் கண்டுபிடிப்பார், சுத்தியலின் சத்தம் மாறும். அந்தக் கருவி, பாறை மாறும் அந்தச் சத்தத்தை மட்டும் இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்து, பாட்டைத் தணித்து அவர் காதுக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் உடனே, "ஓ, இது நிச்சயம் கிடைக்கும்" என்பார்கள். நான் உடனே ஒப்புக்கொள்வதில்லை. எந்த அலைவரிசை, எப்படிப் பிரித்தீர்கள், கம்ப்ரசரின் சத்தமும் அதே இடத்தில் விழுந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். பதில் "ஒரு ஃபில்டர் போட்டோம்" என்றால், பாதிக் கண்டுபிடிப்பு ஆசையாகவே நிற்கிறது. தயங்கும் இடத்தில் என்ன செய்தார் என்று எழுத முடிந்தால், அந்தக் கோப்புக்காக எந்தப் பரிசோதகர் முன்னும் நிற்கத் தயார்.

இந்த வேலையில் இரண்டு அநியாயம் நடக்கலாம். உண்மையில் உழைத்துக் கண்ட ஒன்றை, கண்ட பிறகு எளிதாகத் தெரிகிறது என்பதற்காகத் தள்ளிவிடலாம். ஊரே செய்துவரும் ஒன்றை, காகிதத்தில் இல்லை என்பதற்காக ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். முதலாவதில் ஒருவர் நஷ்டப்படுவார், இரண்டாவதில் ஒரு தொழிலே நஷ்டப்படும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். தேதியில் போய் நில், தொழில்காரரின் இடத்தில் போய் நில், விடையை மறந்துவிட்டு வினாவைப் படி. சேலம், நாமக்கல் பட்டறைகளில் அந்தத் தொழில்காரர்கள் நம்மோடு பேசத் தயாராக இருக்கிறார்கள். இங்கிருந்து காப்புரிமைத் துறைக்கு வரும் இளைஞர்கள் சட்டப் புத்தகத்தோடு நிற்காமல் அந்தக் கடைகளிலும் ஏறி இறங்க வேண்டும். எது அன்றாட வேலை, எது அதைத் தாண்டியது என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய கண் அங்கேதான் பழகும்.